குனியத் தெரியாத கார்

டிரைவர் இல்லாமலே ஓடும் கார் ஒன்று ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தது. "யாரு வேணா ஏறலாம், வாங்க வாங்க!" என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு திரிந்தது.

அன்று புது வேலையில் சேரவேண்டிய எஸ்தரைச் சுமந்துகொண்டு, ஒரு சக்கர நாற்காலி அதன் கதவருகே வந்தது. உருண்டு ஏறச் சாய்தளம் எதையும் காணோம்.

"அவங்க சீட்டுல உட்காரட்டும். நீ மடங்கி டிக்கியில படுத்துக்கோ" என்றது கார்.

"சரி, என்னை மடிச்சுத் தூக்கி வைக்கிறது யாரு?"

"அதெல்லாம் டிரைவர்தான்..." என்று ஆரம்பித்த கார், மெல்ல நழுவப் பார்த்தது.

நாற்காலி சும்மா விடுமா? விறுவிறுவென்று உருண்டுபோய்க் காரை மறித்து நின்றது.

"தடை! தடை!" என்று அலறி நின்றது கார். அது இடப்பக்கம் ஒதுங்கினால் நாற்காலியும் இடப்பக்கம் வந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"வழிய விடு, நான் போகணும்."

"நாங்களும் போகத்தான் வந்தோம். ஏற வந்தப்போ தெரியாத நாங்க, மறிச்சதும் கண்ணுக்குத் தெரியுறோமா? கொஞ்சம் குனிஞ்சு எங்களை ஏத்திக்கோ."

"குனியறது ரொம்பக் கஷ்டமாச்சே."

"ஆளே இல்லாம ஓடக் கத்துக்கிட்ட உனக்கு, அரையடி குனியறதா கஷ்டம்?"

எஸ்தர் புது ஆபீசுக்குப் போன் போட்டு, வரக் கொஞ்சம் நேரமாகும் என்றாள். பிறகு கையை நீட்டி, நாற்காலியின் பிரேக்கை இறுக்கிப் போட்டாள்.