காரைக்கால் சீட்டு

கலியமூர்த்தி மகளுடைய துணிப்பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் தொப்பென்று வைத்தார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஹேமலதா எட்டிப் பார்த்தாள்.

"கெளம்பு. இனிமே இந்த வீட்ல உனக்கு எடம் கெடையாது."

குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நின்ற கார்குழலிக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கப்பா கெளம்புறது? ஒம்பதரைக்கு எனக்கு காலேஜ் இருக்கு."

"அந்தக் காலேஜ் இல்ல, காரைக்கால். எட்டரை மணி பஸ்ஸப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள போயிடலாம். நானும் வர்றேன்."

அவள் முகம் வெளுத்துப் போனது. கறாராகப் பேசினால்தான் போவாள் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள், அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மறந்துவிட்டன.

மனைவி லட்சுமி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முத்தியால்பேட்டையில் அந்த ஒற்றை அறை வீட்டில் அப்பாவும் மகளும்தான். விடிவதற்கு முன்பே அவர் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு ஐஸ் உடைக்கப் போய்விடுவார். மத்தியானம் திரும்பும்போது சோறு மூடி வைத்திருக்கும், ஆள் இருக்காது. பேச்சுக்குரல் ஏதாவது கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுத்தான் தட்டை எடுப்பார். சாயந்திரம் மகளுடைய சைக்கிள் மணி கேட்டபிறகுதான் அதை நிறுத்துவார்.

இரண்டு மாதம் முன்பு, மெடிக்கல் சீட்டுப் பட்டியல் வந்த அன்று, கார்குழலி போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றாள். பிறகு வந்து சொன்னாள்.

"காரைக்கால்ல கெடைச்சிருக்குப்பா. ஆனா ஹாஸ்டல்ல தங்கணும். நான் போவல."

"ஏம்மா?"

"உன்ன வுட்டுட்டு எப்படிப் போறது? இப்ப சேந்திருக்கிற பி.எஸ்சி. ஜுவாலஜியவே படிக்கிறேன். அடுத்த வருசம் மறுபடி எழுதி, வீட்லேர்ந்து போற காலேஜா வாங்கிடுறேன்."

'பைத்தியமா உனக்கு, போய்ச் சேரு' என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போகவில்லை என்று அவள் சொன்ன நொடியில் அவர் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது.

துறைமுகத்தில் அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்தே இரண்டு வருடமாகிறது. "அப்பனுக்காக சீட்டையே வுட்டுட்டா எம்பொண்ணு" என்று கலியமூர்த்தி அங்கே ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னார். அது கார்குழலி காதுக்கு எட்டியபோது வீட்டில் பெரிய சண்டை.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு அன்னைக்கே சொன்னேன்ல? ஏம்பா இப்படிப் பண்ற?"

பெருமை பிடிக்காத பெண் என்று நினைத்துக்கொண்டார்.

கூட வேலை செய்யும் ஆதிமூலம் மட்டும் பெருமைப்படவில்லை. ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "அது சின்னப் பொண்ணு, பாசத்துல சொல்லிச்சு. நீ ஏன்யா சரின்ன?"

அன்று மத்தியானம் கலியமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து தனியாக இருந்து பழக ஆரம்பித்தார். டிவியைப் போடாமல் உட்கார்ந்து பார்த்தார். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ரசம் வைத்துப் பார்த்தார். புளி தூக்கலாகிவிட்டது, அவள் வருவதற்குள் கீழே கொட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை அவளைத் தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பொழுது சாயும்வரை ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக் கிடந்தார். நடுவில் அழுகை வந்தது. ஆனாலும் இருந்துவிட்டார்.

இன்றைக்கு வேலைக்குப் போய், லீவு சொல்லிவிட்டு நேராக வந்து பெட்டியைத் தூக்கியிருக்கிறார்.

"சீட்டு குடுக்குறதுல இன்னொரு ரவுண்டு பாக்கி இருக்காம், விசாரிச்சுட்டேன். கால்ல வுழுந்தாவது கேட்டுப் பாக்கலாம்."

"வேணாம்பா."

"எனக்காவத்தானே வேணாங்கிற? நான் இருந்துக்குவேன்மா. ரசம் வைக்கக்கூடக் கத்துக்கிட்டேன், தெரியுமா?"

கார்குழலி துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழுவாத. தப்பு என்மேலதான். தனியா இருக்க பயந்துக்கினு உன் படிப்பக் கெடுத்துட்டேன்."

"அப்படிச் சொல்லாத. உன்மேல ஒரு தப்பும் இல்லப்பா."

"அப்ப கெளம்பு. நீ வாயே தொறக்க வேணாம். ஆபீஸ்ல நானே பேசுறேன். மொத லிஸ்ட்ட எடுத்துப் பாருங்க சார், எம்பொண்ணு பேரு இருக்கும், அப்பனுக்காவ வுட்டுட்டான்னு சொல்றேன். பேரப் பாத்தா மனசு எறங்காதா அவங்களுக்கு?"

அவர் குனிந்து பெட்டியைத் தூக்கப் போனார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸில் மரத்துப்போன, சொரசொரப்பான கை. எதிர்வீட்டை ஒருமுறை பார்த்தாள். ஹேமலதா உள்ளே போயிருந்தாள்.

குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எந்த லிஸ்ட்லயும் எம்பேரு இல்லப்பா."