அரை மணி நேரம் டீ கிடையாது

இட்வல் காலை டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்த நேரம் பார்த்து, தங்கை நெஸ்டா வாசலில் வந்து நின்றாள்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு.

கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அதிலிருந்து பிளாஸ்டிக் குப்பி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"டிஎன்ஏ பரிசோதனைண்ணே. இதுல எச்சில் துப்பணும். கோடு வரைக்கும்."

"நீ என் மூஞ்சில துப்பத்தான் வந்திருக்கேன்னு பாத்தா, என்னையத் துப்பச் சொல்ற!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, கூப்பிடாமலே உள்ளே வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அமெரிக்காவில் நம்மைப் போலவே புரோபர்ட் என்ற குடும்பப்பெயருடன் மூன்று பேர் பரிசோதனை செய்து வைத்திருக்கிறார்களாம். நம் ஆட்கள்தானா என்று பார்க்க வேண்டுமாம். தாத்தாவின் தாத்தாவுக்கு மேலே போனால் காகிதம் கைவிட்டுவிடும். அந்தக் காலத்து வேல்ஸில் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டு தலைமுறைக்கொரு பெயருடன் திரிந்தார்கள். இனி ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும். அதிலும் அப்பன் வழியைச் சொல்ல ஆண்பிள்ளையின் எச்சில்தான் ஆகுமாம்.

அந்த வீட்டின் ஒரே ஆண்பிள்ளை இட்வல்.

அந்தப் பள்ளத்தாக்கில் அவரை யாரும் புரோபர்ட் என்று கூப்பிடுவதில்லை. பண்ணையின் பெயரைச் சேர்த்து பிரின்ஹீர் இட்வல் என்பார்கள். புரோபர்ட் என்பது காசோலைக்கும் கல்லறைக்கும் மட்டும். ஆனால் அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் பண்ணையை முழுசாக எடுத்துக்கொண்டார்.

அம்மா சாவதற்கு ஒரு வாரம் முன்னால் அவரைக் கிட்டே கூப்பிட்டு, கல்யாணத்தன்றே நீ என் வயிற்றில் இருந்தாய், நீ புரோபர்ட்டின் பிள்ளை இல்லை என்று சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு அது தெரியுமாம். ஒரு நாளும் அவர் முகம் கோணியதில்லை.

அடுத்த வாரம் அடக்கம் முடிந்து, ஊர்த் தேவாலயமான சேப்பலின் பின்கூடத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நெஸ்டா கீழ்வயல் ஒன்றை மட்டும் கேட்டாள். "இது புரோபர்ட் மண்ணு! புரோபர்ட் ஆம்பள ரத்தத்துக்குத்தான்!" என்று இட்வல் ஊரே கேட்கக் கத்தினார். பயத்தில்தான் அவ்வளவு சத்தம் வந்தது.

நெஸ்டா வாயைத் திறந்தாள், மூடினாள். கையிலிருந்த திராட்சை ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். திமிர் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது எதிரே உட்கார்ந்து, பெட்டியிலிருந்த தாளைப் படித்துச் சொன்னாள். எதையாவது குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் துப்ப வேண்டும். அதுவரை தண்ணீர்கூடக் கூடாது.

அண்ணன் குடிக்காமல் தங்கை மட்டும் எப்படிக் குடிப்பது? கெட்டில் சும்மா கிடந்தது. ஒரு வேல்ஸ் வீட்டில் இரண்டு பேர் டீ இல்லாமல் அரை மணி நேரம் உட்காருவது சாவு வீட்டில்கூட நடக்காத காரியம். வாய்க்கு வேறு வேலை இல்லாததால் பேசத் தொடங்கினார்கள்.

அவளுடைய முழங்கால் ஆபரேஷன். சேப்பல் கூரை ஒழுகுவது. யார் யார் போய்ச் சேர்ந்தார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த கிடாவின் வம்சாவளியைப் பார்த்து, ஆட்டுக்கு ஒன்பது தலைமுறை தெரிகிறது, நமக்கு நாலுக்கு மேல் தெரியவில்லை என்று அவள் சொன்னபோது இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இந்தப் பதினொரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

துப்ப மாட்டேன் என்றால் இப்போதே எழுந்து போய்விடுவாள். துப்பினால் முடிவு வர ஆறு வாரம் ஆகுமாம். ஆறு வாரமாவது தங்கை இருக்கட்டுமே என்று தோன்றியது. வறண்ட வாயோடு போராடி, கோடு வரைக்கும் துப்பிக் கொடுத்தார்.

பிறகு ஆளுக்கு இரண்டு கோப்பை டீ குடித்தார்கள். அவள் கிளம்பினாள்.

மேசையைத் துடைக்கும்போது பார்த்தால், பால் ஜாடிக்குப் பின்னால் குப்பி அப்படியே நின்றது.

தொட்டியில் கொட்டியிருக்கலாம். ஒரு வினாடி குழாயையும் பார்த்தார். ஆனால் கால் கேட்கவில்லை. வீட்டுச் செருப்போடு சேற்றில் ஓடி, கேட்டருகே காரை மறித்தார்.

நெஸ்டா கண்ணாடியை இறக்கினாள். நீட்டிய குப்பியை வாங்கவில்லை.

"அது எனக்கு எதுக்குண்ணே? சும்மா வந்திருந்தா நீ உக்கார விட்டிருப்பியா? அம்மா உன்னப் பத்தி எங்கிட்டச் சொல்லி பதினஞ்சு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கெழம சாப்பிட வர்றேன், ஆட்டுக்கறி எடுத்து வையி."

கார் போய்விட்டது.

இட்வல் குப்பியும் கையுமாக கேட்டிலேயே நின்றார். பதினைந்து வருஷம். அடக்கம் நடந்து பதினொன்றுதான் ஆகிறது.

அப்படியானால் அன்றைக்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.