ஏழு அங்குலச் சதுரம்

"அந்தப் போலீஸ்காரன் இன்னிக்கு வருவானா, மாட்டானா?" ஹஸ்மிக் மறுபடியும் மகளின் தோளைத் தட்டிக் கேட்டாள்.

"வராம இருந்தா நமக்குத்தான் நல்லதும்மா. அபராத டிக்கெட் எழுதினவன் கோர்ட்டுக்கு வரலைன்னா கேஸ் அப்பவே தள்ளுபடி. இங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் அதுக்குத்தான் ஜெபம் பண்ணிட்டிருக்காங்க" என்றாள் நைரி.

"எனக்கு அவன் வரணும். நீ அவன் முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேக்கணும்."

கிளென்டேல் நகரில் அர்மீனியக் குடும்பங்களுக்கு அக்ரூட் கேக் சுட்டு, தானே காரில் கொண்டுபோய்க் கொடுப்பவள் ஹஸ்மிக். வீடு தேட உதவும் ஜி.பி.எஸ். கருவியைக் காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். கலிஃபோர்னியாவில் அதற்கும் சட்டம் உண்டு. பயணி பக்கத்துக் கீழ் மூலையில், ஏழு அங்குலச் சதுரத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் இருக்கிறது என்று ஒரே போலீஸ்காரன் அவளை மூன்று தடவை நிறுத்திவிட்டான். மூன்றாவது தடவை டிக்கெட்டும் எழுதிவிட்டான்.

"கேஸ் தோத்தா இனி நான் ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன். கேக்கெல்லாம் நீதான் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்று ஹஸ்மிக் சபதம் செய்திருந்தாள். வேலைக்குப் போகும் முன் ஊர் முழுக்க கேக் டப்பாவோடு அலைவதை நினைத்த மாத்திரத்தில் நைரி சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள்.

"பேரைப் பாரும்மா, வஹான் டெர்ஸியான்! நம்ம அர்மீனிய ஆளா இருந்துக்கிட்டு நம்மளையே குறிவெச்சுப் பிடிக்கிறான். இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு ஆக்குறேன்."

"ஆக்கு, ஆக்கு. ஆனா மூக்கைச் சுருக்காதே. லிப்ஸ்டிக் எங்கே?"

"எதுக்கும்மா?"

"நீதிபதி முன்னாடி லட்சணமா நிக்க வேண்டாமா?"

வழக்கைக் கூப்பிட்டபோது கதவு திறந்தது. மடிப்புக் கலையாத சீருடையில் வஹான் நுழைந்தான். ஹஸ்மிக் சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். அம்மா பயப்படுகிறாள் என்று நைரி அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

"கோர்ட்டிலேயே மொழிபெயர்ப்பாளர் இருக்காரே?" என்றார் பெண் நீதிபதி, அம்மாவுக்கு மொழிபெயர்க்கக் கூடவே எழுந்து நின்ற நைரியைப் பார்த்து.

ஹஸ்மிக் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். "என் பொண்ணுதான்."

"சரி. உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

ஹஸ்மிக் எதிரே நின்றவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பிறகு அர்மீனிய மொழியில், "பிள்ளை இளைச்சுப் போயிருக்கான். வேளைக்குச் சாப்பிடுறானான்னு கேளு" என்றாள்.

நைரி பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் முழங்கினாள். "கருவி மூலையிலதான் இருந்ததுன்னு அம்மா உறுதியா சொல்றாங்க. சட்டத்தை மதிக்கிற குடும்பம் எங்களுது. இது திட்டமிட்ட தொந்தரவு!"

வஹான் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கும் அர்மீனிய மொழி தெரியும் என்பது அப்போதுதான் நைரிக்கு உறைத்தது. காது மடல் சூடானது.

"யுவர் ஆனர், முன்னாடி ரெண்டு தடவை நானே அதைக் கழட்டி மூலையில ஒட்டிக் குடுத்தேன். மறுபடி நடுவுக்கே வந்துடுது" என்றான் அவன்.

"ரப்பர் வழுக்கியிருக்கும்!" என்றாள் நைரி.

"வழுக்கினா கீழே விழும். மூலையிலிருந்து நடுவுக்கு நடந்தா வரும்?" என்று கேட்டார் நீதிபதி.

"அது... சரி, இவர் அளந்து பார்த்தாரா?"

வஹான் பாக்கெட்டிலிருந்து அளவு டேப்பை எடுத்துக் காட்டினான்.

"அந்த டேப் சரியான டேப்னு என்ன நிச்சயம்?"

பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். "நீங்களே அளந்துடுங்க. இப்பவே வெளியே போய் அதைச் சரியான இடத்துல ஒட்டுங்க. இந்த அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டா வழக்கு முடிஞ்சது."

கார் நிறுத்துமிடத்தில் நைரி உள்ளே குனிந்து கருவியை அழுத்திப் பிடித்தாள். கண்ணாடிக்கு வெளியே வஹான் டேப்பை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் கீழே."

"இதுக்கும் கீழே போனா எஞ்ஜினுக்குள்ள போயிடும், ஆபீசர்."

"வஹான்னு கூப்பிட்டாலும் சட்டப்படி குத்தமில்லை."

நைரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான். ஆனால் காகிதத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"உங்க அம்மா கேட்டதை நீங்க மொழிபெயர்க்கலை. ஆனாலும் பதில் சொல்லிடுறேன். நான் இன்னும் சாப்பிடலை. எதிர்க் கடையில காபி நல்லா இருக்கும்."

"அம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே ஓடினாள் நைரி.

மரத்தடியில் ஹஸ்மிக் முதுகைக் காட்டியபடி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தெரு, நேரம் எல்லாம் நீ சொன்னது சரியாத்தான் இருந்துச்சு, ஷுஷான். நானும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு நட்ட நடுவுல ஒட்டிக்கிட்டுத்தான் போனேன். ஆனா உன் மகன் ரெண்டு தடவை டிக்கெட் எழுதாம, சிரிச்சுக்கிட்டே சரிபண்ணிக் குடுத்து அனுப்பிட்டானே! பிள்ளையை இவ்வளவு நல்லவனா வளர்த்து வெச்சா, பொண்ணைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்து அவன் கண்ணுல நான் எப்படித்தான் காட்டுறது?"