வாயிலின் இருபுறமும்

தானியம் சுமந்துகொண்டிருந்த செங்காலி என்னும் எறும்பை, முட்டைகளை இடம் மாற்றும் படைக்குத் தலைவியாக உயர்த்தினாள் புற்றின் ராணி. "பயிற்சி அளிக்கப்படும்" என்றாள். யார் அளிப்பார், எப்போது என்று சொல்லவில்லை. கேட்டால் தகுதியற்றவள் என்று எண்ணிவிடுவாளோ என அஞ்சிச் செங்காலியும் கேட்கவில்லை. புற்று வாயிலின் இடப்புறத்தில் மூன்று நாள் காத்திருந்தாள்.

நான்காம் நாள் வானம் கறுத்தது. மழை இறங்கினால் கீழறை முட்டைகள் மூழ்கிவிடும். மேலறைக்கு எவ்வழியே போவதென்று அவளுக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டு ராணியிடம் ஓடினாள்.

"எனக்குப் பயிற்சி தருவது யார், அம்மா?"

"நெடுங்காலிதான். இன்னுமா தொடங்கவில்லை?"

செங்காலி வாயிலுக்கு ஓடிவந்தாள். படையின் மூத்த எறும்பான நெடுங்காலி அதன் வலப்புறத்தில் அமர்ந்திருந்தாள்.

"மூன்று நாளாக இங்கேதானடி இருக்கிறேன்! தலைவி கூப்பிடாமல் நானாக வந்தால் அதிகப்பிரசங்கி என்பாயே!"

"நீயாக வருவாய் என்றல்லவா நான் காத்திருந்தேன்!" செங்காலிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சரி, இப்போது கூப்பிடுகிறேன். வாடி."

"வழியைப் போகப் போகச் சொல்கிறேன். முதலில் படையைக் கூப்பிடு. நீயும் ஒரு முட்டையைத் தூக்கு."

முதல் துளி புற்றின்மேல் விழுந்தபோது, கடைசி முட்டை ஈரம் படாமல் மேலறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.