ஆற்றுவாசல்

கல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

முன்னால் போனவர்கள் எல்லோரும் எறிந்துவிட்டார்கள். கணவன் எறிந்தான். கொழுந்தன் குறிபார்த்து எறிந்தான். ஆற்றைப் பார்த்த கோட்டை வாசலுக்கு வெளியே கிடந்த பலகைக்கல்லில் பட்டுத் தெறித்தது.

அது காட்டிக்கொடுத்தவனின் கல். முற்றுகையின்போது உள்ளிருந்தே கதவைத் திறந்து எதிரியை உள்ளே விட்டானாம். கொடைத் திருவிழா அன்று அவனை ஒரு கல்லால் அடித்துவிட்டுத்தான் கோட்டைக்குள் இருக்கும் அம்மனைப் பார்க்க வேண்டும். எறியாதவருக்கு உள்ளே இடமில்லை.

அக்கரையில், அவள் பிறந்த வீட்டில், அவனுக்கு விளக்கு வைப்பார்கள்.

அவர்களுக்கு அவன் பாட்டன். தானியம் தீர்ந்து பிள்ளைகள் சாகத் தொடங்கியதும் கதவைத் திறந்தவன். ஆறு அப்படியொன்றும் அகலமில்லை. இருந்தாலும் கதை இந்தக் கரைக்கு வந்து சேர்வதற்குள் மாறிவிட்டது.

போன வருடம் மசக்கையைச் சொல்லித் தப்பித்தாள். இந்த வருடம் மகனுக்கு முதல் மொட்டை.

"எறி பிள்ள, நேரமாவுதுல்லா," என்றாள் மாமியார் சொர்ணத்தம்மாள்.

அவளால் முடியவில்லை. கல்லைக் கீழே வைத்தாள்.

யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. கணவன் முகம் பார்க்காமல் அவள் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். மாமியாரும் பின்னால் போனாள். பூசை முடியும்வரை திறக்கக் கூடாதென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.

படித்துறையில் உட்கார்ந்தாள். ஆறு அதுபாட்டுக்குப் போனது. உள்ளே மேளம் கேட்டது.

எறிந்திருக்கலாமோ? ஒரு கல்தானே.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பிறகு மகன் அழுதான். கத்திக்குப் பயந்த அழுகையல்ல, பாலுக்கு அழுகிறான். அவளுக்குத் தெரியும். மார் கட்டிக்கொண்டு வலித்தது. ரவிக்கை நனைந்தது.

எழுந்துபோய்க் கதவில் கை வைத்தாள். தட்டத் துணிவில்லை.

மேளம் இருந்த இடத்திலேயே முழங்கியது. அழுகை மட்டும் கதவை நோக்கி வந்தது.

தாழ் விலகியது. ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவு திறந்தது. சொர்ணத்தம்மாள் நின்றாள். தோளில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை.

"பிள்ளைக்குப் பசிக்குல்லா. உள்ள வா."

அவள் நுழைந்து, மதிலோரம் உட்கார்ந்து, மகனை மாரோடு சேர்த்தாள். அழுகை நின்றது.

மேளமும் நின்றது.

"எவம்ல கதவத் தொறந்தது?" அம்மன் சன்னதிப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல்.

சொர்ணத்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாந்தான்."