முத்திரையில் ஒரு மலை

கோயமுத்தூருக்குப் புது அடையாளம் தேடிய குழு, நிறத்துக்கு மூன்று கூட்டம், எழுத்துக்கு நான்கு கூட்டம், முறுக்குக்கு எல்லாக் கூட்டமும் செலவழித்திருந்தது. மிச்சம் லோகோதான். குழு உறுப்பினர் சாமுவேல், அதை வரைந்தனுப்பிய கிருபாவுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, லோகோ பார்த்தேனுங்க."

"சொல்லுங்க."

"பருத்தி வெள்ளை நல்லாருக்குது. எழுத்தும் டவுன் பஸ்ல தூரத்திலிருந்தே தெரியும். மலைதான் தப்புங்க."

"மலையில என்னங்க தப்பு?"

"பெரிய முகடு வலது பக்கம் வரோணும். நீங்க இடது பக்கம் போட்டிருக்கறீங்க. ஊரே சிரிச்சுப்போடும்."

"இருக்காதுங்க. தெனமும் சன்னல்ல பார்த்துத்தான் வரைஞ்சேன்."

"எந்த ஊர்ச் சன்னலுங்க?"

"அட்டப்பாடிங்க."

"அதானே பார்த்தேன். மலைக்குப் பின்னாடியிருந்து பார்த்தா திரும்பித்தான் தெரியும். எத்தனை வருசமா பாக்கறீங்க?"

"கல்யாணம் பண்ணி வந்ததிலிருந்து. ஆறு வருசமுங்க."

"அதுல ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம் வரத் தோணலீங்களா?"

"தெனமும் தோணுச்சு. நீங்கதானே ஊட்டுப் படி ஏறாதேன்னீங்க, அப்பா."

சாமுவேல் லோகோத் தாளை ஓரமாக வைத்தார்.

"கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டாப் பத்தாது கண்ணு. இங்க கணபதியில நம்ம ஊட்டு மொட்டை மாடியில உக்காந்து, பார்த்து வரையோணும். மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

"லோகோ அவ்வளவு அவசரமுங்களாப்பா?"

"லோகோ கெடக்குது. எனக்குத்தான் அவசரம்."