அச்சு அசல் குரல்

மணி நாலு ஐம்பத்தொன்று. ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரே, கம்ப்யூட்டர் சென்டரில் சுந்தரேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பொறியியல் படிக்கும் பெண்களுக்கான உதவித்தொகை. கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் காலேஜே கிடையாது. விண்ணப்பத்தை முழுக்க ஏற்றியாயிற்று. ஓ.டி.பி. மட்டும்தான் பாக்கி. அதுவோ பெற்றோர் நம்பருக்குத்தான் வரும் என்பதால், புதூர் காட்டில் ஆடு மேய்க்கும் அப்பா பிச்சையாவின் போனுக்குப் போயிருந்தது.

“யப்பா, ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்கும். வெரசா சொல்லுங்க!”

“யாரு பேசுதது?”

“நாந்தான், ஒங்க மக!”

“அப்படியே எம்மக குரலு!” என்று மெச்சிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மறுபடியும் அடித்தாள். “யப்பா, என் நம்பரப் பாருங்க!”

“நம்பரையும் அவ நம்பர் மாதிரியே காட்டுவீயன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

மூன்றாம் முறை அழுதேவிட்டாள்.

“அழுகையும் அச்சு அசல்!” என்றவர் போனையே அணைத்துவிட்டார்.

மணி ஐந்து. ‘காலக்கெடு முடிந்தது’ என்றது திரை.

சென்டர்காரர் மாரிராஜுக்கே தாங்கவில்லை. “பெத்த மகளையே நம்பக்கூடாதுன்னு அவருக்கு எவம்மா சொல்லிக் குடுத்தது?”

சுந்தரேஸ்வரி கையிலிருந்த விண்ணப்ப நகலை அவரிடம் நீட்டினாள். ‘உங்கள் படிப்பால் ஊருக்கு என்ன பயன்?’ என்ற கேள்விக்குக் கீழே அவள் எழுதியிருந்தது:

‘மோசடிக்காரர்கள் குரலையும் நம்பரையும் போலியாகச் செய்வார்கள், நானே அழுது கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பழக்கினேன். இனி எங்கள் ஊரில் ஒருவரையும் ஏமாற்ற முடியாது.’